நரையும் நினைவும்: உயிர்க்கல முதுமையின் குறிகாட்டிகளும் மறதிநோயும்

1

ஆண்டு பல சென்றும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாது என வினவப்பட்ட பிசிராந்தையார் கூறும் விடை புறநானூற்றின் 191ஆம் பாடலாக அமைந்துள்ளது. தம் உடலின் இயல்பையோ, உணவையோ, மருந்தையோ புலவர் காரணமாகக் காட்டவில்லை. இல்லத்தாரின் பண்பு, ஏவலரின் இணக்கம், அரசனின் முறைமை, ஊரிலுள்ள சான்றோரின் உறவு ஆகியவற்றையே சுட்டுகின்றார். உடலின் முதுமைக்குச் சமூகத்திலே காரணந் தேடிய பழந்தமிழ்ச் சான்றுகளுள் இது ஒன்று எனலாம். அதேவேளை அவ்விடையின் வர்க்க எல்லையும் மனங்கொள்ளத்தக்கது. தம் குறிப்பறிந்து நடக்கும் ஏவலர் இருந்தமையால் புலவருக்கு நரை தோன்றவில்லை. அவ்வேவலருக்கு எவ்வயதில் நரை தோன்றியது என்பதைப் பாடல் கூறவில்லை.

இன்றைய உயிரியல், நரையைக் காட்டிலும் நுண்ணிய குறிகளைக் கொண்டு முதுமையை அளக்க முற்படுகின்றது. உயிர்க்கலத்தின் உள்ளே காணப்படும் சில மாற்றங்களைக் கொண்டு ஒருவரது உடல் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதையும், பிற்காலத்தில் அவருக்கு மறதிநோய் ஏற்படும் வாய்ப்பு எத்தகையது என்பதையும் மதிப்பிட முடியுமா என்பது கடந்த இருபதாண்டு காலமாக ஆராயப்பட்டு வருகின்றது. இவ்வாய்வுகள் கூறுவன யாவை, கூறாதன யாவை என்பதை விளக்குவதும், அக்கரைப்பற்றுப் போன்ற ஒரு பிரதேசத்தின் வாழ்நிலையில் அவற்றின் பொருளை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் மருத்துவத்துறை சார்ந்தவர்கள் அல்லர். எனினும் மறதிநோய் மொழியையும் நினைவையும் மனித உறவுகளையும் தாக்குவதாதலின், அதனைப் பற்றிப் பேசும் பொறுப்பு மருத்துவத்துக்கு மாத்திரம் உரியதன்று என்பது எமது கருத்தாகும்.

ஈழத்துத் தமிழில் ‘அறளை பெயர்தல்’ என்று ஒரு வழக்கு உண்டு. முதுமையில் ஏற்படும் தடுமாற்றத்தை அது குறிக்கும். அறிந்திருந்த யாவற்றையும் அறியாதவராகிவிடும் தளர்ந்த பருவம் பற்றித் திருக்குர்ஆனும் குறிப்பிடுகின்றது. ஆகவே எமது மக்களுக்கு இந்நிலை புதியதன்று. புதியது யாதெனின், இதனை வயதின் இயல்பான விளைவாகக் கொள்ளாது ஒரு நோயாக நோக்கும் பார்வையேயாகும். 1906இல் ஜெர்மனிய வைத்தியரான அலொய்ஸ் அல்சைமர் ஒரு பெண் நோயாளியின் மூளையிற் கண்ட மாற்றங்களை விவரித்தமை இப்பார்வையின் தொடக்கங்களுள் ஒன்றாகும். மறதிநோய் என்பது ஒரு தனி நோயன்று. பல நோய்களால் விளையும் ஒரு நிலை. அவற்றுள் அல்சைமர் நோயே மிகுதியாகக் காணப்படுவது. மூளைக் குருதிக்குழாய்களின் பாதிப்பால் ஏற்படுவது அதனை அடுத்து நிற்பது.

2

உயிர்க்கல முதுமையின் குறிகாட்டிகளுள் மூன்றினை இங்கு எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, தெலோமியர் எனப்படும் நிறமூர்த்த நுனி. மனித உடலின் சாதாரண உயிர்க்கலம் எல்லையின்றிப் பிரிந்துகொண்டிருப்பதில்லை என்பதையும், ஏறத்தாழ 40 முதல் 60 தடவைகளின் பின் அது பிரிவதை நிறுத்திவிடுகின்றது என்பதையும் 1961இல் லெனார்ட் ஹேஃப்லிக், போல் மூர்ஹெட் ஆகியோர் காட்டினர். இவ்வெல்லையைக் கலம் எவ்வாறு கணக்கிடுகின்றது என்ற வினாவுக்கு விடை நிறமூர்த்தத்தின் நுனியிற் கிடைத்தது. அங்கே ஆறு எழுத்துக்கள் கொண்ட ஒரே தொடர் ஆயிரக்கணக்கான தடவைகள் திரும்பத் திரும்ப எழுதப்பட்டுள்ளது. கலம் பிரியுந்தோறும் இந்நுனி சிறிது குறைகின்றது. ஒரு எல்லைக்கு மேற் குறைந்ததும் பிரிவு நின்றுவிடுகின்றது. பாயின் ஓரம் பிரிந்துவிடாதிருக்க முடைபவர் மடித்துக்கட்டும் விளிம்பினை இதற்கு ஒப்பிடலாம். விளிம்பு தேய்ந்தால் பாயே பிரியத் தொடங்கும். இந்நுனியின் அமைப்பினையும் அதனை மீள வளர்க்கும் நொதியத்தையும் கண்டறிந்தமைக்காக எலிசபெத் பிளக்பேர்ண், கரோல் கிரைடர், ஜக் சோஸ்டாக் ஆகியோருக்கு 2009இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இரண்டாவது, பரம்பரையலகுகளின் மேற் படியும் இரசாயனக் குறிகள். டீ.என்.ஏ.யின் எழுத்து மாறாதிருக்க, அதன் எப்பகுதி வாசிக்கப்பட வேண்டும், எப்பகுதி மூடப்பட்டிருக்க வேண்டும் என்பதை இக்குறிகள் நிர்ணயிக்கின்றன. வயது ஏற ஏற இவை ஒழுங்கான முறையில் மாறுகின்றன. 2013இல் ஸ்டீவ் ஹோர்வத் இத்தகைய 353 இடங்களைக் கொண்டு ஒருவரது வயதைக் கணிக்கும் ‘கடிகாரம்’ ஒன்றை உருவாக்கினார். 1972–73இல் நியூசிலாந்தின் டுனீடின் நகரிற் பிறந்த ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தொடர்ந்து அவதானித்த ஆய்விலிருந்து, வயதை மாத்திரமன்றி முதுமையடையும் வேகத்தையும் அளக்கும் கருவி பின்னர் பிறந்தது.

மூன்றாவது, பிரிவதை நிறுத்தியும் இறவாது உடலில் தங்கிவிடும் முதிர்ந்த கலங்கள். இவை வாளாவிருப்பதில்லை. அயலிலுள்ள கலங்களைப் பாதிக்கும் அழற்சிப் பொருள்களைச் சுரந்த வண்ணமிருக்கின்றன. 2018இல் எலிகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள், மூளையிலுள்ள இத்தகைய கலங்களை அகற்றியபோது நரம்புச்சிதைவு குறைந்ததைக் காட்டின. எலியிற் கண்டது மனிதரிடத்தும் நிகழும் என்பதற்கு இது போதிய சான்றாகாது.

3

இக்குறிகாட்டிகளுக்கும் மறதிநோய்க்கும் உள்ள தொடர்பு யாது?

நரம்புக்கலங்களுட் பெரும்பாலானவை பிரிவதில்லை. ஆகவே பிரிவினால் நுனி தேய்தல் என்ற விளக்கம் அவற்றுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆய்வுகளில் பெரும்பாலும் அளக்கப்படுவது குருதியின் வெண்குழியங்களிலுள்ள தெலோமியரேயாகும். மூளையின் காவற்கலங்களும் குருதிக்குழாய்ச் சுவர்க் கலங்களும் பிரியும் இயல்புடையன. அவற்றின் தேய்வும் உடலெங்கும் நிலவும் மந்தமான அழற்சியும் நரம்புக்கலங்களைப் பாதிக்கக்கூடும். குருதியில் அளக்கப்படுவது மூளையின் நிலைக்கு ஒரு தொலைவான சாட்சியே என்பது இதனாற் பெறப்படும்.

பிரித்தானியாவில் 2006க்கும் 2010க்கும் இடையில் ஏறத்தாழ 5 இலட்சம் பேரைக் கொண்டு தொடங்கப்பட்ட உயிர்வங்கி ஆய்வில், 4,70,000க்கு மேற்பட்டோரின் தெலோமியர் நீளம் அளக்கப்பட்டது. குறுகிய தெலோமியர் உடையோரிடத்து மறதிநோய் ஓரளவு மிகுதியாகக் காணப்பட்டதென்பது அதனடியாக எழுந்த ஆய்வுகளின் முடிவாகும். ‘ஓரளவு’ என்னுஞ் சொல்லை நாம் அழுத்திக் கூற விரும்புகின்றோம். குறுகிய தெலோமியர் உடையோர் பலர் நோயின்றி வாழ்கின்றனர். நீண்ட தெலோமியர் உடையோர் சிலர் நோயுறுகின்றனர். மேலும், பரம்பரையிலேயே நீண்ட தெலோமியர் அமையப் பெற்றோருக்குச் சில வகைப் புற்றுநோய்களின் ஆபத்து கூடுதலாக இருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. எனவே நீளமெல்லாம் நன்மை, குறுக்கமெல்லாம் தீமை எனக் கொள்வது தவறாகும்.

இவ்வுயிர்வங்கியில் இணைய அழைக்கப்பட்டோருள் 5.5 சதவீதத்தினரே இணைந்தனர் என்பதும், அவர்கள் பொதுமக்களைக் காட்டிலும் வசதியும் ஆரோக்கியமும் உடையோர் என்பதும் ஆய்வாளர்களாலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டவை. பிசிராந்தையாரின் விடையிற் போலவே இங்கும் ஏவலரின் குரல் குறைவாகவே ஒலிக்கின்றது.

குறிகாட்டி வேறு, காரணம் வேறு. புகையைக் கண்டு நெருப்பை அறியலாம். புகையை விசிறிக் கலைப்பதால் நெருப்பு அணையாது. இன்று பல நாடுகளிலே ‘உயிரியல் வயதைக்’ கணித்துத் தருவதாகக் கூறும் பரிசோதனைகள் விற்பனைப் பண்டங்களாகியுள்ளன. முதுமை குறித்த அச்சம் சந்தைக்கு வந்துவிட்டது என்பதையே இது காட்டுகின்றது. தனியொருவருக்கு மறதிநோய் வருமா வராதா எனத் தெலோமியரைக் கொண்டு தீர்ப்புக் கூறுதல் இயலாது.

4

அவ்வாறாயின் இக்குறிகாட்டிகளால் பயன் இல்லையா? உண்டு. தனிமனிதரின் எதிர்காலத்தைக் கூறுவதிலும் பார்க்க, மனிதரின் கடந்தகால வாழ்நிலை உடலில் எவ்வாறு பதிகின்றது என்பதைக் காட்டுவதிலேயே அவற்றின் சிறப்பு தங்கியுள்ளது.

1845இல் வெளியான இங்கிலாந்துத் தொழிலாளர் வர்க்கத்தின் நிலைமை பற்றிய நூலில், ஆலைத் தொழிலாளர் நாற்பது வயதளவிலேயே உழைப்புக்கு உதவாதோராய்த் தேய்ந்துவிடுவதை எங்கெல்ஸ் பதிவுசெய்தார். அவர் வெளித்தோற்றத்திற் கண்ட தேய்வினை இன்று கலத்தின் உள்ளே காண முடிகின்றது. 2004 டிசெம்பரில் எலிசா எப்பலும் எலிசபெத் பிளக்பேர்ணும் ஏனையோரும் வெளியிட்ட ஆய்வொன்றில், நாட்பட்ட நோயுற்ற குழந்தைகளைப் பராமரிக்கும் தாய்மாரும் ஏனைய தாய்மாருமாக 58 பெண்கள் இடம்பெற்றனர். மிகுந்த மனநெருக்கடியை உணர்ந்த பெண்களின் தெலோமியர், நெருக்கடி குறைந்த பெண்களினதைவிடக் குறைந்தது பத்தாண்டு மூப்புக்குச் சமமான அளவு குறுகியிருந்தது. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது இத்தொடர்பு சிறியதென்றே தெரியவந்தது. எனினும் அது முற்றாக மறைந்துவிடவில்லை. 2007இல் வெளியான மற்றோர் ஆய்வு எமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அல்சைமர் நோயாளரைப் பராமரிப்போரின் நோயெதிர்ப்புக் கலங்களிலே தெலோமியர் விரைந்து தேய்ந்திருந்ததை அது காட்டியது. அதாவது நோய் ஒருவருக்கு, தேய்வு இருவருக்கு.

கல்வியின் பங்கும் இவ்வாறே வெளிப்பட்டுள்ளது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் தலைமுறை தலைமுறையாகப் பங்குபற்றிய குடும்பங்களின் தரவுகளைக் கொண்டு 2024இல் வெளியான கட்டுரையொன்று, ஈராண்டு மேலதிகக் கல்வியானது முதுமையடையும் வேகத்தில் 2 முதல் 3 சதவீதக் குறைவுடன் தொடர்புற்றிருந்ததைக் காட்டியது. பாடசாலையில் இருந்த காலம் முதுமையின் குருதியில் வாசிக்கப்படுகின்றது.

எனினும் யாவற்றையும் சமூகத்திலே கரைத்துவிடுதல் விஞ்ஞான நோக்காகாது. மறதிநோயின் வலிய காரணி வயதே. சில பரம்பரையலகுகள் ஆபத்தைக் கணிசமாகக் கூட்டுகின்றன. உயிரியலின் மீது கோட்பாட்டைத் திணித்த லைசென்கோவின் வரலாறு சோவியத் விஞ்ஞானத்துக்கு இழைத்த தீங்கினை முற்போக்காளர் மறத்தலாகாது. உயிரியல் விதிகள் மனித உடலில் இயங்குகின்றன. ஆனால் அவ்வுடல் ஒரு குறிப்பிட்ட உற்பத்தி உறவினுள், ஒரு குறிப்பிட்ட வீட்டினுள், ஒரு குறிப்பிட்ட வரலாற்றினுள் வாழ்கின்றது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே இயங்கியல் நோக்காகும்.

5

இந்நோக்கில் அக்கரைப்பற்றை அணுகுவோம். அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் முஸ்லிம்களும் தமிழரும் அயலயலாக வாழும் இப்பிரதேசத்தின் பொருளாதாரம் நீண்ட காலமாக நெல்வயலையே மையமாகக் கொண்டது. போடியார் எனப்பட்ட நிலவுடைமையாளர் ஒருபுறமும், முல்லைக்காரரும் வயற்கூலிகளும் மறுபுறமுமாக அமைந்த உறவுமுறை, உடலுழைப்பின் சுமையை எவர் தாங்கினர் என்பதை நிர்ணயித்தது. வெயிலில் நின்று நாற்று நட்டவரும், பொதி சுமந்தவரும், கடலில் வலை இழுத்தவரும், மருதமுனையில் தறியில் இருந்தவரும் ஒரே வேகத்தில் முதுமையடைந்திருக்க மாட்டார்கள் என்பதை உய்த்துணரலாம்.

இப்பிரதேசத்தில் 1969–71 காலப்பகுதியிற் கள ஆய்வைத் தொடங்கிய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இங்குள்ள தமிழ், முஸ்லிம் சமூகங்கள் இரண்டும் தாய்வழிக் குடிமுறையையும், மணமாகும் மகளுக்கு வீட்டைச் சீதனமாக வழங்கும் வழக்கத்தையும் பொதுவாகக் கொண்டிருப்பதை விரிவாக ஆராய்ந்து 2008இல் நூலாக வெளியிட்டார். மருமகனே பெண்வீட்டுக்கு வருகின்றான். இவ்வமைப்பில் முதிய பெற்றோர் பெரும்பாலும் மகளொருத்தியின் வீட்டிலோ அதன் அயலிலோ வாழ்கின்றனர். மறதிநோயுற்ற வாப்பாவையோ உம்மாவையோ, அப்பாவையோ அம்மாவையோ பராமரிப்பவள் மகளே. இதிற் பெண்ணுக்கு ஒரு பலமும் உண்டு: அவள் தன் சொந்த வீட்டில், தன் தாயினதும் சகோதரிகளினதும் அயலில் வாழ்கின்றாள், சுமையைப் பகிர்ந்துகொள்ள ஆளுண்டு. ஆனால் கூலியற்ற அவ்வுழைப்பை எவரும் உழைப்பெனக் கணக்கிடுவதில்லை. சகோதரியருள் ஒருத்தி மத்தியகிழக்குக்கு வீட்டுப்பணிக்குச் சென்றுவிட்டால், அங்கே மற்றொருவரின் வீட்டைப் பராமரிக்கும் அவளுடைய பங்குச் சுமை இங்கே எஞ்சியவளின் தோளில் ஏறுகின்றது. 2007ஆம் ஆண்டு ஆய்வு காட்டிய தேய்வு இவளுடையதே.

வீடு இங்கு வெறுங் கட்டடமன்று. மகளின் உரிமையும் பெற்றோரின் முதுமைக்காலப் பாதுகாப்பும் அதுவே. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது, இலங்கையிலே மிகுதியான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நிகழ்ந்தது. 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரக்கணக்கான சீதன வீடுகள் ஒரு காலைப்பொழுதில் இல்லாதொழிந்தன. இதன் பொருளை உணர ஜப்பானின் அனுபவம் உதவுகின்றது. அங்கு இவனுமா நகரின் முதியோரிடத்து 2010இல் ஓர் ஆய்வு நடத்தப்பட்டிருந்தது. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அந்நகரைத் தாக்கின. 3,500க்கு மேற்பட்ட அதே முதியோரை 2013இல் மீள ஆராய்ந்தபோது, வீடு முற்றாக அழிந்தோரிடத்து அறிதிறன் வீழ்ச்சி கூடுதலாக இருந்தது. அதன் அளவு பாரிசவாதத்தின் பின் ஏற்படும் வீழ்ச்சியோடு ஒப்பிடத்தக்கதாயிருந்தது. உறவினரையும் நண்பரையும் இழந்தமைக்கு அத்தகைய தெளிவான தொடர்பு காணப்படவில்லை என்பது வியப்புக்குரியது. அயலவரோடு உள்ள உறவு அறுந்தமையும், மனச்சோர்வும் இடைநின்ற காரணிகளென ஆய்வாளர் கருதினர். இடம்பெயர்ந்த முதியவருக்கு வீட்டோடு முற்றமும், அயலும், பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ நடந்த பாதையும், ஒவ்வொரு நாளும் பெயர் சொல்லி அழைத்த மனிதரும் போய்விடுகின்றனர். 1983 முதல் 2009 வரை நீடித்த போரும் இடையிடையே எழுந்த இனமோதல்களும் அதே அறுப்பைப் பல தடவை இப்பிரதேசத்திற் செய்துள்ளன.

6

அடுத்து எழும் வினா: இந்நோய் எம்மிடையே எத்துணை பரவியுள்ளது? கம்பஹா மாவட்டத்தின் ராகமையில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரிடத்து நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, அவர்களுள் 3.98 சதவீதத்தினருக்கு மறதிநோய் இருந்ததைக் காட்டியது. இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரிடத்து இவ்வீதம் 7.4 என 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களிலும் பெண்களிடத்தும், நகரத்திலும் கிராமத்திலும் அது கூடுதலாயிருந்தது.

இவ்வெண்களை எவ்வாறு வாசிப்பது என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு பாடம் கிடைக்கின்றது. மறதிநோயாளருள் மூன்றில் இரு பங்கினர் வளர்முக நாடுகளில் வாழ, ஆய்வுகளில் பத்திலொரு பங்கும் அந்நாடுகளைப் பற்றியதன்று என்ற நிலையைச் சுட்டும் வகையில் ‘10/66’ எனப் பெயரிட்டுக்கொண்ட ஆய்வுக்குழு, சென்னையிலும் வேலூர்க் கிராமப்புறத்திலும் களங்களைக் கொண்டிருந்தது. 2008இல் வெளியான அதன் முடிவுகளின்படி, அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கையேட்டின் வரைவிலக்கணத்தைக் கொண்டு நோக்கியபோது இந்தியக் கிராமப்புறத்தில் நோய் 0.3 சதவீதமாகவும் கியூபாவில் 6.3 சதவீதமாகவும் காணப்பட்டது. எழுத்தறிவின்மையையும் பண்பாட்டு வேறுபாட்டையும் கணக்கிற்கொண்ட அளவுகோலைப் பயன்படுத்தியபோதோ, எல்லாக் களங்களிலும் அது 5.6க்கும் 11.7க்கும் இடைப்பட்டதாயிற்று. கிராமத்தில் நோய் இல்லாமலிருக்கவில்லை. அளவுகோலுக்குத்தான் அது தெரியவில்லை. வீட்டுப் பொறுப்புக்களை மகளும் மருமகளும் ஏற்றுக்கொண்டுவிடுவதால் முதியவரின் இயலாமை இயலாமையாகத் தோன்றுவதில்லை. குடும்பத்தாரும் அதை வயதின் இயல்பென்றே கூறிவிடுகின்றனர். பெண்ணின் உழைப்பு நோயையும் மறைத்துவிடுகின்றது.

பரிசோதனையின் மொழியும் கருதத்தக்கது. 1975 முதல் வழக்கிலுள்ள 30 புள்ளிப் பரிசோதனை, ஒரு வாக்கியம் எழுதுமாறும், ஓர் உருவத்தைப் பார்த்து வரையுமாறும், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்குமாறும் கேட்கின்றது. இலவசக் கல்வி 1945இல் வந்தபோதிலும், பருவமடைந்ததும் பெண்பிள்ளையைப் பாடசாலையிலிருந்து நிறுத்திவிடுவது இப்பிரதேசத்தில் அதன் பின்னரும் நெடுங்காலம் வழக்காயிருந்தது. பென்சிலையே பிடித்தறியாத மூதாட்டியிடம் இப்பரிசோதனை அளப்பது எதனை? ஏட்டறிவு இல்லாதவர் மொழியறிவு இல்லாதவர் அல்லர். கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் வாய்மொழியாகக் காத்துவந்த நாட்டார் கவிகள் இதற்குச் சான்று. அமெரிக்கக் கன்னியாஸ்திரீகள் இளவயதில் எழுதிய தன்வரலாறுகளை ஆராய்ந்து, அவற்றிற் கருத்துச் செறிவு குறைந்திருந்தோர் முதுமையில் மறதிநோய்க்கு மிகுதியும் ஆளாயினர் என டேவிட் ஸ்னோடனும் பிறரும் 1996இல் காட்டினர். எழுத்துக்கு உரிய இத்தகைய கவனத்தை வாய்மொழிக்கும் அளிக்கும் கருவிகளை ஆக்குதல், வைத்தியரும் தமிழாய்வாளரும் இணைந்து செய்ய வேண்டிய பணியாகும்.

7

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. உயிர்க்கலக் குறிகாட்டிகள் விதியை உரைப்பனவல்ல. அவை ஒரு கணக்கேடு. உழைப்பு, வறுமை, இழப்பு, பராமரிப்பு ஆகியவற்றின் செலவு அதில் எழுதப்படுகின்றது. கணக்கேட்டைத் திருத்துவதால் கடன் தீராது.

2024இல் லான்செட் ஆணைக்குழு, மறதிநோயுட் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலுமெனக் கூறி 14 காரணிகளைப் பட்டியலிட்டது. குறைந்த கல்வி, செவிப்புலக் குறைவு, பார்வைக் குறைவு, உயர் குருதியமுக்கம், நீரிழிவு, புகைத்தல், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு என்பன அவற்றுட் சில. 2023இல் அமெரிக்காவில் முழு அங்கீகாரம் பெற்ற லெக்கனிமாப் என்னும் மருந்துக்கு அந்நாட்டில் ஆண்டொன்றுக்கு 26,500 டொலர் விலை குறிக்கப்பட்டது. அது நோயின் வேகத்தைச் சிறிதளவே குறைக்கின்றது. மாறாக, குருதியமுக்கத்துக்கான மாத்திரை, கண்புரைச் சத்திரசிகிச்சை, செவிப்புலக் கருவி, பெண்பிள்ளையின் மேலதிகப் பள்ளியாண்டுகள் ஆகியன பொதுச் சுகாதாரமும் பொதுக் கல்வியும் வழங்கத்தக்கவை. இலவசக் கல்வியையும் இலவச மருத்துவத்தையும் செலவுச் சுமையெனக் கூறி வெட்ட முனைவோர், வருங்கால முதியோரின் நினைவையே வெட்டுகின்றனர் என்று நாம் கூறுவோம்.

இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். நோயாளிக்குச் சிகிச்சை நாள் குறிக்கும் வைத்தியசாலை, அவரை அழைத்துவரும் மகளின் குருதியமுக்கத்தையும் அதே நாளில் அளக்க வேண்டும்; வாரத்தில் சில மணிநேரமாயினும் அவளுக்கு மாற்றாள் கிடைக்க ஊர் நிறுவனங்கள் வழிகாண வேண்டும். மறதிநோயுற்றவர் தம் மகளின் பெயரை மறந்துபோகலாம். சமூகம் அவளை மறந்துவிடுவதற்கு அத்தகைய நியாயம் எதுவும் இல்லை.